சென்னையில் தெருக்களுக்குப் பெயரிடுதல்

தெருக்களுக்குப் பெயரிடுதல் என்பது ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் உள்ள பொதுத் தெருக்களுக்குப் பெயரோ எண்ணோ வழங்கி, அதைப் பதிவேட்டில் ஏற்றி, பெயர்ப் பலகை வைக்கும் பணியாகும். புதிய மனைப்பிரிவு (லேஅவுட்) உருவாகும் இடங்களில் இது முதன்முறையாக நடைபெறும். பழைய பகுதிகளில் பெரும்பாலும் பெயர் மாற்றமாக நடைபெறும். சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளும் பெயரிடுதலின் மூன்று வெவ்வேறு முறைகளுக்கு எடுத்துக்காட்டுகளாக உள்ளன. முதலாவதில் பெயர்கள் மக்கள் வழக்கில் தாமே தோன்றின. இரண்டாவதில் நகரத்தை ஆண்டவர்கள் சூட்டினார்கள். மூன்றாவதில் பெயருக்குப் பதில் எண்கள் இடப்பட்டன.

பெயரின் பயன்

தெருப் பெயர் ஒருவரைப் பெருமைப்படுத்துவதற்காக மட்டும் வைக்கப்படுவது அன்று. ஒரு வீட்டை மற்றொரு வீட்டிலிருந்து பிரித்துக் காட்டுவதே அதன் முதற்பணி. சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் கட்டண அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், ஆதார் ஆகிய அனைத்தும் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சார்ந்தே இயங்குகின்றன. 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண் கடிதத்தை உரிய அஞ்சலகம் வரை கொண்டு சேர்க்கும். அங்கிருந்து வீட்டு வாசல் வரை வழிகாட்டுவது தெருப் பெயர்தான்.

நள்ளிரவில் 108 ஆம்புலன்ஸை அழைப்பவர் பதற்றத்தில் சொல்லும் இரண்டு மூன்று சொற்களில் தெருப் பெயரும் ஒன்று. அது அருகிலேயே வேறொரு தெருவுக்கும் இருக்குமானால் வண்டி தவறான வாசலில் போய் நிற்கும். எனவே பெயர் ஒப்புதல் என்பது சிறிய அலுவலக நடைமுறையாகத் தோன்றினாலும், அதில் நேரும் பிழையின் விலை பெரியது.

மயிலாப்பூர்: வழக்கில் விளைந்த பெயர்கள்

மயிலாப்பூரின் பழைய தெருக்களுக்கு யாரும் கூட்டம் கூட்டிப் பெயர் வைக்கவில்லை. அங்கே என்ன இருந்ததோ அதுவே பெயராயிற்று. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு மாட வீதிகள் திசையையும் கோயிலையும் ஒருசேரச் சொல்கின்றன. இவ்வீதிகளின் பெயரை அறிந்தவர் வரைபடம் இல்லாமலேயே வழி கண்டுபிடித்துவிடலாம். கேசவப் பெருமாள் கோயில் தெரு, முண்டகக்கண்ணி அம்மன் கோயில் தெரு, அப்பர் சுவாமி கோயில் தெரு ஆகியவையும் இவ்வகையின.

கச்சேரி சாலை என்னும் பெயரைக் கேட்கும் இளைஞர்கள் மார்கழி மாத இசைக் கச்சேரிகளோடு அதைத் தொடர்புபடுத்துவதுண்டு. ஆனால் பழைய வழக்கில் கச்சேரி என்பது அரசு அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் குறிக்கும் சொல்லாகும். அருகிலுள்ள மந்தைவெளி, கால்நடை மந்தைகள் மேய்ந்த வெளியைக் குறிக்கிறது. மாடுகளும் வெளியும் மறைந்தபின்னும் சொல் நிலைத்து நிற்கிறது. பொன்னம்பல வாத்தியார் தெரு என்று, ஒரு வாத்தியாரை அவர் தொழிலோடு சேர்த்துக் குறிக்கும் தெருவும் மயிலாப்பூரில் உண்டு.

இத்தகைய பெயர்களின் வலிமை, அவை இடத்தோடு பிணைந்திருப்பது. அதே காரணத்தால் அவை ஊரின் பழைய நில அமைப்புக்குச் சான்றாகவும் பயன்படுகின்றன. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையில் இன்று ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலையிலும் ஏரிக்கரை இல்லை. ஆயினும் அங்கே நீர் தேங்கி நின்ற காலம் ஒன்று இருந்தது என்பதை அப்பெயர்கள் இன்றும் சொல்கின்றன. மழைக்காலத்தில் வீடு தேடுபவர்கள் இப்பெயர்களைக் கவனித்துப் படிப்பது நல்லது.

தியாகராய நகர்: சூட்டப்பட்ட பெயர்கள்

தியாகராய நகர் 1920களில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்திற்குப் பின், மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியின் நிலம் மேடாக்கப்பட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. அக்காலத்தில் மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி நடைபெற்றது. எனவே புதிய நகரின் பெயர்ப் பலகைகள் ஏறத்தாழ அக்கட்சியின் வரலாற்றுப் பாடமாகவே அமைந்துவிட்டன.

1916இல் தோன்றிய அவ்வியக்கத்தின் நிறுவனர்கள் மூவரும் இங்கே நினைவுகூரப்படுகிறார்கள். மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் (1852–1925) பெயரில் நகரமும் முதன்மையான கடைவீதிச் சாலையும் அமைந்தன. டாக்டர் டி. எம். நாயர் (1868–1919) பெயரில் சாலையும், டாக்டர் சி. நடேசனார் (1875–1937) பெயரில் பூங்காவும் உள்ளன. 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலுள்ள பூங்காவுக்கு இடப்பட்டது. 1934இல் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றிய முகமது உஸ்மான், வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற முகமது ஹபிபுல்லா ஆகியோர் பெயர்களிலும் சாலைகள் உள்ளன. பாண்டி பஜார் என்று எல்லோரும் அழைக்கும் கடைவீதியின் பெயர், டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனாரைக் (1893–1953) குறிக்கும் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதன் சுருக்கம் எனப்படுகிறது.

இம்முறையின் குறைபாட்டையும் தியாகராய நகரே காட்டுகிறது. நீண்ட பெயர் மக்கள் நாவில் சுருங்கும். தியாகராய நகர் "தி. நகர்" ஆகியது, ஆங்கில எழுத்தை வைத்து "டி. நகர்" என்பவர்கள் இன்னும் அதிகம். தினமும் அங்கே பேருந்தில் இறங்கும் பல்லாயிரம் பேருக்கு அந்த ஓர் எழுத்து யாரைக் குறிக்கிறது என்பது தெரியாது. மேலும், பழைய பெயரும் முற்றாக மறைந்துவிடவில்லை. தியாகராய நகருக்குச் செல்பவர்கள் இன்றும் மாம்பலம் ரயில் நிலையத்தில்தான் இறங்குகிறார்கள்.

அடையாறு: எண்களால் ஆன தெருக்கள்

விடுதலைக்குப் பின் உருவான குடியிருப்புகளில் வேறொரு முறை பின்பற்றப்பட்டது. பகுதிக்கு மட்டும் ஒரு தலைவரின் பெயர் வைக்கப்பட்டது. உள்ளே இருக்கும் தெருக்களுக்கு எண்கள் இடப்பட்டன. அடையாற்றின் காந்தி நகர், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர் ஆகியவை இப்படி அமைந்தன. 1961இல் உருவான தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் வளர்த்த பெசன்ட் நகரும் இத்தகையதே. அன்னி பெசன்ட் (1847–1933) தலைமை தாங்கிய பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 முதல் அடையாற்றில் இயங்கிவருவதால் அப்பெயர் இடத்திற்குப் பொருந்தியது. ஆனால் உள்ளே நுழைந்தால் அவென்யூக்களும் குறுக்குத் தெருக்களும் எண்வரிசையிலேயே நீள்கின்றன.

எண் முறைக்கு நன்மைகள் உண்டு. யார் பெயரை வைப்பது என்ற போட்டி எழாது. ஆட்சி மாறினாலும் பலகையை மாற்ற வேண்டியதில்லை. மூன்றாம் தெருவுக்கு அடுத்தது நான்காம் தெரு என்று புதியவரும் ஊகித்துவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. காந்தி நகர், கஸ்தூர்பா நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகர் ஆகிய அனைத்தும் அடையாறு 600020 என்னும் ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் அடங்குகின்றன. எனவே "முதல் மெயின் ரோடு, அடையாறு" என்று மட்டும் எழுதினால் அது முகவரியே ஆகாது. நகரின் பெயரைச் சேர்த்தால்தான் முழுமை பெறும். "மெயின் ரோடு", "குறுக்குத் தெரு", "அவென்யூ" என்னும் சொற்களை மாற்றிச் சொன்னாலும் வேறு தெருவுக்குப் போக நேரிடும். இதன்மேல் பழைய எண், புதிய எண் என்று சென்னை முகவரிகளில் இரண்டு கதவு எண்கள் வழங்குவதையும் சேர்த்தால், ஒரே வரியில் மூன்று நான்கு எண்கள் வந்துவிடுகின்றன. எண்களை மட்டுமே கொண்ட முகவரியில் ஓர் எண் பிறழ்ந்தாலும் திருத்திக்கொள்ள வேறு துப்பு கிடைப்பதில்லை.

சுருக்கெழுத்துப் பெயர்களுக்கும் இங்கே ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். தியாகராய நகரை ஒட்டிய சி.ஐ.டி. நகரைக் காவல்துறையின் துப்பறியும் பிரிவோடு தொடர்புபடுத்துபவர்கள் உண்டு. அது வீட்டுவசதி வாரியத்திற்கு முன்னோடியாக இருந்த சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்னும் நகர மேம்பாட்டு அமைப்பின் பெயர்ச் சுருக்கமாகும்.

புதிய மனைப்பிரிவில் பெயர் ஒப்புதல்

சென்னையில் இதற்கான சட்ட அடிப்படை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தில் இருந்தது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டம் வகுத்த கோட்பாடு எளிமையானது. புதிய பொதுத் தெருவுக்குப் பெயரோ எண்ணோ இடுவது மன்றத்தின் பொறுப்பு. ஏற்கெனவே உள்ள பெயரை மாற்றுவதற்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். பெயர்ப் பலகையைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பது ஆணையரின் கடமை. அப்பலகையைச் சிதைப்பது தவறு. பெயர் வைப்பதைவிட மாற்றுவதை சட்டம் கடினமாக்கி வைத்திருந்தது கவனிக்கத்தக்கது.

பொதுவாகப் பணி பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

முதலில், மனைப்பிரிவின் வரைபடத்திற்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஒப்புதல் பெறப்படுகிறது. அவ்வரைபடத்தில் சாலைகள் அகலத்தால் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். பெயர் இருக்காது.

அடுத்து, மனைப்பிரிவின் உரிமையாளர் சாலைகளுக்கும் பூங்காவுக்கும் உரிய நிலத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கிறார். இதன் பின்னரே அவை பொதுச் சாலைகள் ஆகின்றன. விளம்பரத் தாளிலும் நுழைவு வளைவிலும் விற்பனையாளர் எழுதிய "அவென்யூ", "கார்டன்" போன்ற பெயர்கள் அதுவரை வணிகப் பெயர்களே. அவற்றுக்கு அரசுப் பதிவில் இடமில்லை.

மூன்றாவதாக, குடியிருப்போர் நலச் சங்கமோ வார்டு உறுப்பினரோ பெயரை முன்மொழிகிறார்கள். மண்டல அலுவலகம் அதே பெயர் அருகில் வேறு தெருவுக்கு உள்ளதா என்று பார்க்கிறது.

நான்காவதாக, முன்மொழிவு மாமன்றத்தின் முன் வைக்கப்பட்டுத் தீர்மானமாக நிறைவேற்றப்படுகிறது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லாத காலத்தில் அதன் அதிகாரங்களைச் சிறப்பு அலுவலர் செலுத்திவந்தார்.

இறுதியாக, பெயர் சொத்து வரிப் பதிவேட்டில் ஏறி, பலகை நடப்படுகிறது. அஞ்சலகம், மின் வாரியம், குடிநீர் வாரியம் ஆகியவற்றின் பதிவுகளும் இதன்படி அமைந்தால்தான் பணி நிறைவுறும்.

இதில் மூன்றாவது படியே பெரும்பாலும் விரைவாகக் கடக்கப்படுகிறது. ஆனால் மிகுந்த கவனம் தேவைப்படுவதும் அங்கேதான். 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சுற்றிலும் இருந்த 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் ஒரே மாநகராட்சிக்குள் வந்தன. தனித்தனி ஊர்களாக இருந்தவரை காந்தி தெருவும் காமராசர் தெருவும் ஊருக்கு ஒன்று இருந்ததில் தவறில்லை. எல்லைக் கோடு அழிந்ததும் அவை ஒரே நகரில் ஒரே பெயர் கொண்ட பல தெருக்கள் ஆயின.

பெயர் மாற்றங்கள்

தென் சென்னையின் பல முதன்மைச் சாலைகள் ஆங்கிலேயர் பெயர்களைத் தாங்கியிருந்தன. விடுதலைக்குப் பின் அவற்றுள் பல மாற்றப்பட்டன. எட்வர்ட் எலியட்ஸ் சாலை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆயிற்று. அச்சாலையில்தான் அவருடைய இல்லம் இருந்தது. மௌப்ரேஸ் சாலை டி.டி.கே. சாலையாகவும், பிராடீஸ் சாலை ராமகிருஷ்ண மடம் சாலையாகவும், ஆலிவர் சாலை இசைக்கலைஞர் முசிறி சுப்பிரமணியம் பெயரிலும், வாரன் சாலை முன்னாள் முதலமைச்சர் பக்தவத்சலம் பெயரிலும் மாறின. தியாகராய நகரின் தெற்கு போக் சாலை, அங்கே வாழ்ந்த நடிகர் சிவாஜி கணேசனின் பெயரைப் பெற்றது. அண்மையில், 2023இல் மந்தைவெளியின் மேற்கு வட்டச் சாலைக்குப் பாடகர் டி. எம். சௌந்தரராஜனின் பெயர் சூட்டப்பட்டது.

மாற்றங்கள் எல்லாம் ஒரே அளவில் வேர்விடவில்லை. ராதாகிருஷ்ணன் சாலையின் பழைய பெயரை இன்று கேட்பது அரிது. ஆனால் அடையாற்றின் லேட்டிஸ் பிரிட்ஜ் சாலைக்கு டாக்டர் முத்துலட்சுமி, கல்கி கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் பெயர்கள் வழங்கப்பட்டும், ஆட்டோ ஓட்டுநரும் கடைக்காரரும் "எல்.பி. ரோடு" என்றே சொல்கிறார்கள். அண்ணா சாலையும் மவுண்ட் ரோடும் அரை நூற்றாண்டாக அருகருகே வழங்கிவருகின்றன. அந்தச் சாலையோடு அல்லது அந்தப் பகுதியோடு வாழ்வால் தொடர்புடையவரின் பெயர் எளிதில் நிலைக்கிறது என்று பொதுவாகக் கூறலாம். ஆனால் அதுவும் உறுதியான விதி அன்று. அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் நிலையத்தையும் அடையாற்றுக்குத் தந்த முத்துலட்சுமியின் பெயரையே "எல்.பி." என்னும் இரண்டு எழுத்துகள் பின்னுக்குத் தள்ளிவிட்டன.

பெயர் மாற்றத்தின் சுமையைத் தாங்குபவர்கள் அத்தெருவில் குடியிருப்பவர்களே. வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு, பத்திரம், கடையின் பெயர்ப் பலகை என ஒவ்வொன்றிலும் "முன்னாள்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பல ஆண்டுகள் எழுத வேண்டியிருக்கிறது.

சாதிப் பெயர் நீக்கம்

1970களின் பிற்பகுதியில், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, தெருப் பெயர்களின் இறுதியிலுள்ள சாதிப் பெயர்களை நீக்க அரசு ஆணையிட்டது. சி. பி. ராமசாமி ஐயர் சாலை சி. பி. ராமசாமி சாலை என்றும், சிவசாமி ஐயர் சாலை பி. எஸ். சிவசாமி சாலை என்றும் ஆனது இவ்வகையிலேயே. நோக்கம் தெளிவானது. தன் முகவரியை எழுதும் ஒவ்வொரு முறையும் ஒருவர் ஒரு சாதியின் பெயரை எழுத வேண்டிய நிலை இருக்கக் கூடாது என்பதே அது.

நடைமுறையில் சில இடங்களில் தடுமாற்றம் ஏற்பட்டது. டாக்டர் நாயர் சாலையில் "நாயர்" என்பதை நீக்கினால் எஞ்சுவது "டாக்டர் சாலை" மட்டுமே. எந்த டாக்டர் என்பது தெரியாமல் போகும். சாதி மறுப்பை உள்ளடக்கிய ஓர் இயக்கத்தை உருவாக்கியவரின் பெயரே சாதிப் பெயரோடு மட்டும் அறியப்படுவது வரலாற்றின் முரண். இத்தகைய இடங்களில் "தரவத் மாதவன் நாயர்" என்னும் முழுப் பெயரிலிருந்து "டாக்டர் மாதவன் சாலை" என்பதுபோல் ஒரு வடிவத்தைத் தேர்வது ஒரு தீர்வாக இருக்கலாம். வால் பகுதியை வெறுமனே வெட்டுவது போதாது.

பெயருக்குள் பொதிந்துள்ள இழிவு இதைவிட ஆழமானது. சாதியைக் குறித்த தெருப் பெயர்கள் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை முகவரியிலேயே வெளிப்படுத்தின. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் தம் முகவரியை எழுதத் தயங்குவது அதனால்தான். 2025 ஏப்ரலில், "காலனி" என்னும் சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், குடியிருப்புகள், தெருக்கள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மக்கள் கருத்தறிந்து மாற்றுவதற்கான அரசாணை வெளியானது.

எழுத்துக்கூட்டல்

ஒரே தெருவின் பெயர் தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் பல விதமாகவும் எழுதப்படுவது மற்றொரு சிக்கல். 2020இல் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியாயிற்று. மயிலாப்பூரும் அப்பட்டியலில் இருந்தது. குறைகள் சுட்டிக்காட்டப்பட்டதால் சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. புதிய தெருவுக்குப் பெயர் வைக்கும்போது தமிழ் வடிவத்தையும் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தீர்மானத்திலேயே ஒன்றாக முடிவுசெய்துவிட்டால் பின்னாளில் இத்தொல்லை எழாது.

பிற நாடுகளில்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் 1811ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி தெருக்களுக்கு எண்களே இடப்பட்டன. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. தெருக்களுக்கு இடைப்பட்ட வீட்டுத் தொகுதிகளுக்கு எண் உண்டு.

சிங்கப்பூரில் தெருக்களின் பெயர்களை ஆராய்ந்து ஒப்புதல் அளிப்பதற்கென்றே தனி வாரியம் உள்ளது. அந்நாட்டு ஆசிரியர் சங்கம் 1960களின் இறுதியில் தன் உறுப்பினர்களுக்காக உருவாக்கிய ஆசிரியர் குடியிருப்பு, பெயரிடுதலுக்கு நல்ல முன்மாதிரியாகும். அங்குள்ள தெருக்கள் காளிதாசர், தாகூர், இக்பால், உமர் கய்யாம், லி போ, து ஃபூ, முன்ஷி அப்துல்லா ஆகியோர் பெயர்களைத் தாங்குகின்றன. பல மொழி பேசும் ஆசிரியர்கள் வாழ்ந்த இடத்தில் ஒவ்வொரு மொழியின் புலவருக்கும் இடம் கிடைத்தது. அத்துடன், புலவர் பெயரைக் கேட்டதும் எந்தக் குடியிருப்பு என்பதும் விளங்கிவிடுகிறது.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது கருத வேண்டியவை

மேற்கூறிய எடுத்துக்காட்டுகளிலிருந்து, புதிய மனைப்பிரிவுக்குப் பெயர் தேடும் நலச் சங்கங்கள் சில படிப்பினைகளைப் பெறலாம்.

ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் அதே பெயர் வேறு தெருவுக்கு இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். ஒலியில் நெருங்கிய பெயர்களையும் தவிர்க்க வேண்டும். தொலைபேசியில் ராமன் தெருவும் ராமனன் தெருவும் ஒன்றாகவே கேட்கும்.

பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும். நாம் சுருக்காவிட்டால் மக்கள் சுருக்குவார்கள். அப்போது முதலெழுத்து மட்டுமே மிஞ்சும்.

அந்த நிலத்தில் முன்பு இருந்த ஏரி, குளம், தோப்பு, சிற்றூர் ஆகியவற்றின் பெயர் இருந்தால் அதற்கு முன்னுரிமை தரலாம். அது யாருடனும் போட்டியிடாது.

பெண்களின் பெயர்களையும் கருத வேண்டும். தென் சென்னையில் அன்னி பெசன்ட், கஸ்தூர்பா, துர்காபாய் தேஷ்முக், முத்துலட்சுமி போன்றோர் பெயர்கள் உள்ளன. ஆனால் ஆண்களின் பெயர்களோடு ஒப்பிட்டால் அவை மிகச் சிலவே.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீடுகள் எழுவதற்கு முன்பே முடிவெடுப்பது சிறந்தது. காலி மனையில் ஒரு பலகை நடுவதோடு முடிந்துவிடும் வேலை, நூறு குடும்பங்கள் குடியேறிய பின் நூறு ஆதார் திருத்தங்களாக வளர்ந்துவிடும்.

மாணவர்கள் செய்து பார்க்க

உங்கள் வீட்டிலுள்ள குடும்ப அட்டை, மின் கட்டணப் பதிவு, சொத்து வரி ரசீது ஆகிய மூன்றையும் எடுத்துத் தெருப் பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பின் தெருமுனைப் பலகையைப் பாருங்கள். நான்கும் ஒன்றாக இருக்கின்றனவா? வேறுபாடு இருந்தால், மூத்தவர்களிடம் கேட்டு எது பழையது, எது புதியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்பெயர் யாரை அல்லது எதைக் குறிக்கிறது என்பதை ஐந்து வரியில் எழுதி வையுங்கள். தெருவின் கதையை அறிந்தவர்கள் மறைந்துவிட்டால், பலகை மட்டுமே எஞ்சும்.